குழு அறையில் ஏழு நிமிடம்: ஒன்ராறியோவின் மாகாண உறுப்பினர் என்ன வேலை செய்கிறார்?

எங்கள் மாடிக்குடியிருப்பில் இருக்கும் ஓர் அக்கா, தாயாருக்கு விசா மறுக்கப்பட்ட கடிதத்தை எடுத்துக்கொண்டு ஸ்காபரோவில் உள்ள மாகாண உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போனார். முக்கால் மணி நேரம் காத்திருந்தார். முறை வந்ததும் அங்கே வேலை செய்த பிள்ளை கடிதத்தை வாசித்துவிட்டு, "அன்ரி, இது மத்திய அரசாங்கத்தின்ர அலுவல். நீங்கள் எம்.பி.யின்ர ஒஃபீசுக்குத்தான் போகவேணும். இது எம்.பி.பி.யின்ர ஒஃபீஸ்" என்று சொல்லி, போக வேண்டிய முகவரியை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தது. அன்று மாலை அக்கா என்னிடம் கேட்டார்: "அப்ப இந்த எம்.பி.பி. என்னதான் செய்யிறவர்?"

நியாயமான கேள்வி. தைப்பொங்கல் விழாவில் வேட்டி கட்டி வருபவராகவும், பிள்ளைகளின் பரிசளிப்பில் சான்றிதழ் கொடுப்பவராகவும் அவரை நமக்குத் தெரியும். நாம் வாக்குப் போட்டு அனுப்பிய வேலை எங்கே, எப்படி நடக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. அந்த வேலையின் கனமான பகுதி செய்தி கமராக்கள் அதிகம் எட்டிப் பார்க்காத குழு அறைகளில் நடக்கிறது. ஓர் உறுப்பினரை எடைபோட விரும்புகிறவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான் என்பது என் எண்ணம். அதை விளக்கத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு முன் சில அடிப்படைகளைச் சொல்லிவிடுகிறேன்.

கனடாவில் ஒரே வீட்டிலிருந்து மூன்று அரசாங்கங்களுக்கு ஆள் தெரிவு செய்கிறோம். ஒட்டாவாவுக்குப் போகிறவர் எம்.பி. குடிவரவு, கடவுச்சீட்டு, வேலையின்மைக் காப்புறுதி எல்லாம் அவர் பக்கம். நகரசபைக்குப் போகிறவர் கவுன்சிலர். குப்பை எடுப்பது, பூங்கா, உள்தெருவில் பனி தள்ளுவது அவருடைய வட்டம். இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்தான் எம்.பி.பி., அதாவது மாகாணப் பாராளுமன்ற உறுப்பினர். மருத்துவமனை, பள்ளிக்கூடம், ஹெல்த் கார்ட், சாரதி அனுமதிப்பத்திரம், வீட்டு வாடகைச் சட்டம், முதியோர் பராமரிப்பு இல்லம், கடையிலும் தொழிற்சாலையிலும் வேலை செய்பவரின் ஆகக் குறைந்த சம்பளம் என்று நம் அன்றாட வாழ்க்கையில் அதிகம் உரசுவது மாகாண அரசாங்கம்தான். மருத்துவமனைகளையும் கல்வியையும் நகரசபைகளையும் மாகாணங்களின் கையில் கொடுத்தது 1867ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டம். நகரசபையே மாகாணச் சட்டத்தின் பிள்ளைதான். 2018இல் ரொறன்ரோ நகரசபைத் தேர்தல் பிரசாரம் நடந்துகொண்டிருந்தபோதே மாகாண அரசாங்கம் ஒரு சட்டம் போட்டு, 47ஆக இருக்க வேண்டிய கவுன்சிலர் இடங்களை 25ஆகக் குறைத்தது. கனடாவின் உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போயும் அது நின்றது.

ஈழத்திலிருந்து வந்தவர்களுக்கு இங்கே ஒரு சிறு குழப்பம் வரும். "மாகாணம்" என்றதும் நமக்கு மாகாண சபைதான் ஞாபகம் வருகிறது. 1987இல் இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு வந்த அந்த ஏற்பாட்டில், வட மாகாண சபைக்கு முதல் தேர்தல் 2013 செப்டெம்பரில்தான் நடந்தது. 2018 அக்டோபரில் அதன் காலம் முடிந்தது. அதன்பிறகு ஆண்டுகள் பல கடந்தும் தேர்தல் வைக்கப்படவில்லை. ஆளுநரின் கைதான் ஓங்கி இருந்தது. அந்த அனுபவத்தோடு வந்தவர் "மாகாண உறுப்பினரால் என்ன செய்ய முடியும்?" என்று நினைப்பதில் வியப்பில்லை. ஒன்ராறியோவில் நிலைமை வேறு. இங்கே துணை ஆளுநர் சட்டத்துக்குக் கையெழுத்து வைக்கும் சம்பிரதாயத் தலைவர். அதிகாரம் உறுப்பினர்களின் வாக்கில் இருக்கிறது.

அந்த வாக்கு விழும் இடம் ரொறன்ரோ நகர நடுவில், குவீன்ஸ் பார்க்கில் இருக்கும் பழைய செங்கல்நிறக் கட்டடம். 1893இல் திறந்தது. 2018 தேர்தலிலிருந்து 124 தொகுதிகள், 124 உறுப்பினர்கள். நேரம் கிடைத்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள், பொதுமக்களுக்கு அனுமதி உண்டு. மேலே பார்வையாளர் மாடத்திலிருந்து பார்த்தால் சுவரில் இரண்டு மரச் செதுக்கல்கள் தெரியும். அரசாங்கப் பக்கத்தில் இருப்பவர்களின் கண்ணுக்கு நேரே ஓர் ஆந்தை: நிதானமாக, அறிவோடு ஆளுங்கள் என்று. எதிர்க்கட்சியின் கண்ணுக்கு நேரே ஒரு கழுகு: கூர்மையாகக் கண்காணியுங்கள் என்று. உறுப்பினரின் வேலையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. அவர் எந்தப் பக்கம் இருக்கிறார் என்பதைப் பொறுத்து அவருடைய வேலையே மாறிவிடுகிறது.

சரி, ஒருவர் அங்கே போய்ச் சேர்வது எப்படி? முதலில் கட்சிக்குள் வேட்பாளராக வேண்டும். பிறகு தொகுதியில் வெல்ல வேண்டும். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஜூன் மாதத்தில் தேர்தல் வரவேண்டும் என்ற சட்டம் 2025 வரை இருந்தது. முதல்வர் கேட்டால் முன்கூட்டியும் வரலாம், 2025 பெப்ரவரி 27இல் உறைபனிக்குள் நடந்தது அப்படித்தான். வென்றவர் முதலில் பின்வரிசையில் உட்காருவார். அரசாங்கக் கட்சியில் இருந்தால் அடுத்த படி பாராளுமன்ற உதவியாளர் பதவி: ஓர் அமைச்சருக்கு உதவியாக, அவருடைய துறைக் கேள்விகளுக்குப் பதில் சொல்வது, கூட்டங்களுக்குப் போவது. அதற்கு மேல் இணை அமைச்சர், அமைச்சர். எதிர்க்கட்சியில் இருந்தால் "விமர்சகர்" என்ற பொறுப்பு கிடைக்கும். சுகாதார விமர்சகர் என்றால் சுகாதார அமைச்சரை விடாமல் துரத்துவதுதான் அவருடைய கடமை. சபை கூடும் நாட்களில் காலை பத்தரைக்குத் தொடங்கும் கேள்வி நேரத்தில் அந்தத் துரத்தலைப் பார்க்கலாம்.

இந்தப் படிகளை ஒருவரின் வாழ்க்கையில் வைத்துப் பார்த்தால் சுலபமாகப் புரியும். ரொட் ஸ்மித் என்பவர் பெல்வில் நகரத்தில் வானொலிச் செய்தியாளராக இருந்தவர். 2011இல் முற்போக்குக் கன்சவேட்டிவ் கட்சிக்காக வென்று எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்தார். சில ஆண்டுகள் எரிசக்தி விமர்சகராக இருந்து, மின்கட்டணத்தை வைத்து லிபரல் அரசாங்கத்தை உலுக்கிக்கொண்டிருந்தார். 2018இல் அவருடைய கட்சி ஆட்சிக்கு வந்தது. அமைச்சராகி, துறை துறையாக மாறி, 2021இல் எரிசக்தி அமைச்சரானார். எந்தக் கேள்விகளை எதிர்ப்பக்கத்தில் நின்று கேட்டாரோ, அதே கேள்விகளுக்கு இப்போது அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. 2024 ஜூனில் கல்வி அமைச்சர் பொறுப்பு. அந்த ஆகஸ்டிலேயே அரசியலை விட்டு விலகினார். பதின்மூன்று ஆண்டுகளில் படியின் அடி முதல் முடி வரை. நமக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன்.

எல்லாரும் இப்படி ஏறுவதில்லை, ஏறாதவர் தோற்றவரும் இல்லை. பிரான்ஸ் ஜெலினா என்பவர் நிக்கல் பெல்ட் தொகுதியில் 2007இலிருந்து வரிசையாக ஆறு தேர்தல்களை வென்றவர், புதிய ஜனநாயகக் கட்சிக்காரர். அமைச்சர் நாற்காலியில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. ஆனால் மாகாணத்தின் சுகாதாரக் கொள்கையை அவரளவுக்குத் தெரிந்து கேள்வி கேட்பவர்கள் குறைவு. அந்த அறிவு வளர்ந்த இடங்களில் ஒன்று குழு அறை.

இப்போது குழுவுக்கு வருவோம். 124 பேர் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்து ஒரு சட்டமூலத்தின் நாற்பதாம் பிரிவின் மூன்றாம் வரியைத் திருத்த முடியாது. அதனால் சபை தன்னைச் சிறு குழுக்களாகப் பிரித்துக்கொள்கிறது. நிரந்தரமாக இருப்பவை நிலையியற் குழுக்கள்: நிதி மற்றும் பொருளாதார விவகாரம், நீதிக் கொள்கை, சமூகக் கொள்கை, பொதுக் கணக்குகள், அரச முகவரகங்கள் என்று. ஒரு குறிப்பிட்ட விடயத்துக்காக மட்டும் அமைத்து, அறிக்கை கொடுத்ததும் கலைப்பது தெரிவுக்குழு. ஒரு குழுவில் பத்துப் பேரளவில் இருப்பார்கள். சபையில் கட்சிகளுக்கு உள்ள பலம் எப்படியோ, குழுவிலும் அப்படியே. யாரை எந்தக் குழுவில் போடுவது என்பதைக் சபையில் கட்சியின் அலுவல்களைக் கவனிக்கும் சபை முதல்வரும் கொறடாவும் பேசித் தீர்மானிக்கிறார்கள். தலைவராக இருப்பவர் சாதாரணமாக வாக்களிக்க மாட்டார். இரண்டு பக்கமும் சமமாக நின்றால்தான் அவருடைய வாக்கு.

ஒரு சட்டமூலம் சபைக்கு வந்தால் முதல் வாசிப்பில் தலைப்பை அறிமுகப்படுத்துவார்கள். இரண்டாம் வாசிப்பில் "இந்தச் சட்டம் வேண்டுமா வேண்டாமா" என்ற பொதுவான விவாதம். அதில் தேறினால் வழமையாகக் குழுவுக்குப் போகும். குழுவில் இரண்டு கட்டம். முதலில் பொதுமக்களையும் துறை அறிந்தவர்களையும் கூப்பிட்டுக் கேட்பது. பிறகு பிரிவு பிரிவாக வாசித்து, திருத்தங்களை ஒவ்வொன்றாக வாக்குக்கு விடுவது. அது முடிந்து சபைக்குத் திரும்பினால் மூன்றாம் வாசிப்பு, கடைசியில் துணை ஆளுநரின் ஒப்புதல். சட்டத்தால் பாதிக்கப்படப் போகிறவர், சட்டம் எழுதுகிறவரின் முகத்தைப் பார்த்து நேரே பேசக்கூடிய இடம் இந்தப் பயணத்தில் ஒன்றே ஒன்று. அது குழு.

அதை நான் கிட்ட இருந்து பார்த்தது ஒரு சிநேகிதியால். அவர் வீடு வீடாகப் போய் முதியவர்களைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, மருந்து எடுத்துக் கொடுக்கும் பராமரிப்புப் பணியாளர். ஒரு வீட்டில் வேலை முடித்து அடுத்த வீட்டுக்குப் பஸ்ஸில் போகும் நேரத்துக்குச் சரியான சம்பளம் இல்லை என்பது அவருடைய நெடுநாள் கவலை. ஆண்டின் தொடக்கத்தில், வரவு செலவுத் திட்டத்துக்கு முன்னால், நிதிக் குழு ஊர் ஊராகப் போய் மக்களிடம் கருத்துக் கேட்கும். நேரில் போகலாம், சூம் வழியாகவும் பேசலாம். சட்டசபையின் இணையதளத்தில் பெயர் பதிந்தால் போதும், பெயர்கள் அதிகம் வந்தால் அதிலிருந்து தெரிவு செய்வார்கள். அவருடைய பெயர் தெரிவானது.

நேரம் ஏழு நிமிடம். அவர் முதலில் எழுதியதை வாசித்துப் பார்த்தோம், பதினாறு நிமிடம் வந்தது. சமையலறை மேசையில் இருந்து சிவப்புப் பேனாவால் வெட்டினோம். நன்றி சொல்வது, அரசாங்கத்தைத் திட்டுவது, பொதுவான புலம்பல் எல்லாம் போனது. கடைசியில் மிஞ்சியது ஒரேயொரு நாளின் கணக்கு: காலை ஏழு மணிக்கு முதல் வீடு, மாலை ஆறு மணிக்குக் கடைசி வீடு, அதற்கிடையில் எத்தனை பஸ், எத்தனை மணி நேரம் தெருவில், எத்தனை மணி நேரத்துக்குச் சம்பளம். அன்று அவர் அதை வாசித்தபோது, குழுத் தலைவர் நடுவில் "ஒரு நிமிடம் இருக்கிறது" என்று மட்டும் சொன்னார். சிநேகிதியின் கை நடுங்கியது, குரல் நடுங்கவில்லை. முடிந்ததும் கேள்வி நேரம். ஒவ்வொரு கட்சிக்கும் இத்தனை நிமிடம் என்று பிரித்து வைத்திருந்தார்கள். எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் "அந்த பஸ் நேரத்தை இன்னொரு முறை சொல்லுங்கள்" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். அரசாங்கப் பக்கத்திலிருந்தும் ஒருவர், தாள்களை மூடி வைத்துவிட்டு, தன்னுடைய தாயாரைப் பார்த்துக்கொள்ள வரும் பணியாளரைப் பற்றிப் பேசினார். இன்னொருவர் கடைசிவரை கைப்பேசியிலிருந்து தலை தூக்கவில்லை. யார் எப்படிப்பட்ட உறுப்பினர் என்பதை அந்த ஒரு மணி நேரம் எனக்குக் காட்டியது. சிநேகிதி பேசிய ஒவ்வொரு சொல்லும் சபையின் அதிகாரபூர்வப் பதிவேடான ஹன்சாட்டில் ஏறியது.

குழுக்களுக்குள் எனக்கு மிகவும் பிடித்தது பொதுக் கணக்குகள் குழு. இலங்கைச் செய்திகளில் "கோப்", "கோபா" என்று அடிபடும் குழுக்களைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. அதே மரபிலிருந்து வந்ததுதான். மாகாணத்தின் கணக்காய்வாளர் நாயகம் எந்தத் துறை பணத்தை எப்படிச் செலவழித்தது, எங்கே ஓட்டை என்று அறிக்கை கொடுப்பார். அந்த அறிக்கைகள் எல்லாம் இந்தக் குழுவுக்குத்தான் வருகின்றன. குழு, துறையின் உயர் அதிகாரிகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "இதைத் திருத்துவதாகச் சொன்னீர்களே, எங்கே?" என்று கேட்கும். இந்தக் குழுவின் தலைவர் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவராக இருப்பது வழமை. கணக்குக் கேட்கும் நாற்காலியில் செலவழித்தவரே உட்காரக் கூடாது என்ற எளிய நியாயம்தான் அதற்குக் காரணம்.

குழுவின் பலம் எவ்வளவு என்று கேட்டால், அது தலைக்கணக்கைப் பொறுத்தது. ஒன்ராறியோவின் அண்மைக் காலத்தில் இதற்கு ஒரு பெரிய பாடம் இருக்கிறது. ஓக்வில், மிசிசாகா ஆகிய இரண்டு இடங்களில் எரிவாயு மின்நிலையங்கள் கட்டுவதாக லிபரல் அரசாங்கம் ஒப்பந்தம் போட்டிருந்தது. அந்த ஊர்களில் எதிர்ப்பு வலுத்ததும் 2010இல் ஒன்றையும், 2011 தேர்தலுக்குச் சற்று முன் மற்றதையும் கைவிட்டது. அந்தத் தேர்தலில் 107 இடங்களில் லிபரல்களுக்கு 53 கிடைத்தது. பெரும்பான்மைக்கு ஒன்று குறைவு. அந்த ஒரு இடம்தான் எல்லாவற்றையும் மாற்றியது, ஏனென்றால் குழுக்களிலும் எதிர்க்கட்சிகளின் கை ஓங்கிவிட்டது.

2012இல், துறைகளின் செலவு மதிப்பீடுகளை ஆராயும் மதிப்பீட்டுக் குழு, நிலையங்களைக் கைவிட எவ்வளவு செலவானது என்ற ஆவணங்களைக் கொடுக்கும்படி எரிசக்தி அமைச்சருக்கு உத்தரவிட்டது. அமைச்சர் தயங்கினார். சபாநாயகர் தலையிட்ட பிறகு ஆயிரக்கணக்கான பக்கங்கள் வெளியே வந்தன. அந்த அக்டோபரில் முதல்வர் டால்ரன் மக்கின்ரி பதவி விலகுவதாக அறிவித்து, சபைக் கூட்டத் தொடரையும் முடித்து வைத்தார். கூட்டத் தொடர் முடிந்தால் குழுக்களின் வேலையும் அத்தோடு நின்றுவிடும். அடுத்த ஆண்டு சபை திரும்பியதும் நீதிக் கொள்கைக் குழு அதைக் கையில் எடுத்தது. சாட்சிகள் வந்தார்கள், சத்தியம் செய்து பேசினார்கள். முதல்வர் அலுவலகத்தில் மின்னஞ்சல்கள் அழிக்கப்பட்டது தெரிய வந்தது. கணக்காய்வாளர் நாயகம் போட்ட கணக்கில் இரண்டு நிலையங்களுக்கும் சேர்த்துச் செலவு 95 கோடி டொலர். முதல்வரின் தலைமை அலுவலராக இருந்தவர் 2018இல் நீதிமன்றத்தில் குற்றவாளியாகக் காணப்பட்டு நான்கு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். ஒரு குழு "அந்தத் தாள்களைக் கொண்டு வா" என்று கேட்டதில் தொடங்கியது இவ்வளவும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2014 ஜூனில் லிபரல்கள் முழுப் பெரும்பான்மையோடு திரும்பி வந்தார்கள். குழுவிலும் அவர்களுக்கே பெரும்பான்மை. இன்னும் சாட்சிகளைக் கூப்பிட வேண்டும் என்ற எதிர்க்கட்சிகளின் கோரிக்கை எடுபடவில்லை. விதிகள் மாறவில்லை, தலைக்கணக்கு மட்டும்தான் மாறியிருந்தது. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் இது இப்படித்தான். பெரும்பான்மை அரசாங்கம் இருக்கும் காலத்தில் குழுவில் எதிர்க்கட்சி கொண்டுவரும் திருத்தங்கள் பெரும்பாலும் தோற்றுப்போகின்றன.

அப்படியென்றால் குழு எதற்கு என்று கேட்கலாம். குழுவைத் தாண்டிக் குதித்த ஒரு சட்டத்தைப் பார்த்தால் விடை கிடைக்கும். 2022 அக்டோபர் 31ஆம் திகதி, பள்ளிக்கூட உதவிப் பணியாளர்களின் வேலைநிறுத்தத்தைத் தடுக்க, 28ஆம் இலக்கச் சட்டமூலத்தை அரசாங்கம் கொண்டு வந்தது. கனடாவின் உரிமைச் சாசனத்தின் சில பிரிவுகளை ஒதுக்கிவைக்கும் விசேட விதியையும் அதில் பயன்படுத்தியது. குழுவில் மக்களிடம் கேட்பது இல்லாமலே நவம்பர் 3ஆம் திகதி நிறைவேற்றியது. மறுநாளே பணியாளர்கள் தெருவில் இறங்கினார்கள். பல தொழிற்சங்கங்கள் ஒன்றாகச் சேர்ந்தன. நவம்பர் 14ஆம் திகதி அதே சபை அந்தச் சட்டத்தை ரத்துச் செய்தது, அது ஒருநாளும் சட்டமாகவே இருந்ததில்லை என்று கருதும்படி. பள்ளிக்கூடத்தைக் கூட்டித் துடைக்கும் ஒரு தொழிலாளி குழுவுக்கு முன்னால் ஏழு நிமிடம் பேசியிருந்தால், அந்தக் கோபம் எவ்வளவு ஆழமானது என்பது சட்டம் போடுவதற்கு முன்பே தெரிந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்னொரு நல்ல உதாரணம் தெரிவுக்குழுவிலிருந்து. 2009இல் மனநலமும் போதைப் பழக்கமும் பற்றி ஆராய மூன்று கட்சிக்காரர்களும் சேர்ந்த ஒரு தெரிவுக்குழு அமைந்தது. மாகாணம் முழுக்கச் சுற்றிக் குடும்பங்களிடம் கேட்டு, 2010 ஆகஸ்டில் ஒரே குரலில் அறிக்கை கொடுத்தது. அந்தக் குழுவில் எதிர்க்கட்சிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் கிறிஸ்ரின் எலியட், சில்வியா ஜோன்ஸ், மேலே சொன்ன பிரான்ஸ் ஜெலினா. எலியட் 2018இல் சுகாதார அமைச்சரானார். அவருக்குப் பின் 2022இல் அதே பதவிக்கு வந்தவர் ஜோன்ஸ். ஜெலினா எதிர்ப்பக்கத்திலிருந்து இருவரையும் கேள்வி கேட்டார். குழுவில் கழித்த மாதங்கள் அமைச்சர் நாற்காலிக்கும் விமர்சகர் நாற்காலிக்கும் பயிற்சியாகிவிடுவதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியுமா தெரியவில்லை.

இனி, சாதாரண உறுப்பினர் தன் பெயரில் கொண்டுவரும் சட்டமூலங்கள். இவற்றைத் தனிநபர் சட்டமூலம் என்பார்கள். அமைச்சர் அல்லாத யாரும் கொண்டு வரலாம், எதிர்க்கட்சிக்காரரும் கூட. இரண்டு கட்டுப்பாடு உண்டு. அரசாங்கப் பணத்தைச் செலவழிக்கச் சொல்லவோ வரி போடவோ கூடாது. விவாத நாள் கிடைப்பது சீட்டுக் குலுக்கலில். பெரும்பாலானவை இரண்டாம் வாசிப்போடு நின்றுவிடும், அல்லது குழுவில் கிடந்து, தேர்தல் வந்ததும் இறந்துவிடும். அதைத் தாண்டிச் சட்டமானவற்றில் இரண்டு நம்மைப் பற்றியவை.

ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஒன்ராறியோ அறிவித்தது 2014இல். அந்தச் சட்டமூலத்தைக் கொண்டு வந்தவர் நான் மேலே சொன்ன ரொட் ஸ்மித்தான். அப்போது எதிர்க்கட்சிப் பின்வரிசைக்காரர், அவருடைய தொகுதி தமிழர் நெருக்கமாக வாழும் தொகுதியும் அல்ல. இரண்டு ஆண்டு கழித்து 2016இல் கனடாவின் மத்திய பாராளுமன்றமும் அதையே ஏற்றுக்கொண்டது. அதற்கான பிரேரணையைக் கொண்டு வந்தவர் ஸ்காபரோ எம்.பி. கரி ஆனந்தசங்கரி.

இரண்டாவது, தமிழினப் படுகொலை அறிவூட்டல் வாரச் சட்டம். 2018இல் ஸ்காபரோ ரூஜ் பார்க் தொகுதியில் வென்ற விஜய் தணிகாசலம் பின்வரிசை உறுப்பினராக இருந்தபோது 2019இல் கொண்டு வந்த 104ஆம் இலக்கச் சட்டமூலம் அது. மூன்றாம் வாசிப்பு முடிந்தது 2021 மே 6ஆம் திகதி. ஒப்புதல் கிடைத்தது மே 12. ஒவ்வோர் ஆண்டும் மே 18ஆம் திகதியோடு முடியும் ஏழு நாட்கள் அந்த வாரம். அறிமுகத்துக்கும் ஒப்புதலுக்கும் இடையில் இரண்டு ஆண்டு ஓடியது. நம்மில் பலர் "என்ன இவ்வளவு சுணக்கம்?" என்று மனம் வெதும்பினோம். ஒரு தனிநபர் சட்டமூலம் கடந்து போக வேண்டிய படிகள் அத்தனை என்பதுதான் விடை. பின்பு அந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டார்கள், அது 2025 மார்ச்சில் கனடாவின் உச்ச நீதிமன்ற வாசலில் முடிந்தது. மேன்முறையீட்டை விசாரிக்க நீதிமன்றம் மறுத்துவிட்டது, சட்டம் நிற்கிறது. தணிகாசலம் பிறகு இணை அமைச்சரானார். 2018இல் மார்க்கம் தோர்ன்ஹில் தொகுதியில் வென்ற லோகன் கணபதி அதற்கு முன் மார்க்கம் நகரசபையில் பன்னிரண்டு ஆண்டு கவுன்சிலர். நகரசபையிலிருந்து மாகாணத்துக்குப் போவது இங்கே நன்றாகத் தேய்ந்த பாதை.

சம்பளத்தையும் மறைக்காமல் சொல்லிவிடலாம். ஒரு சாதாரண உறுப்பினரின் சம்பளம் நீண்ட காலம் ஆண்டுக்கு 116,550 டொலரில் உறைந்து கிடந்தது. 2025இல் அதை ஏறத்தாழ 157,000ஆக உயர்த்தி, தொண்ணூறுகளில் எடுத்துவிட்ட ஓய்வூதியத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள்.

தொகுதி அலுவலகத்தைப் பற்றி அக்காவுக்கு நான் சொன்னது இதுதான். அந்த அலுவலகத்துக்குப் பணம் கொடுப்பது சட்டசபை, கட்சி அல்ல. நீங்கள் யாருக்கு வாக்குப் போட்டீர்கள் என்று கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை. ஹெல்த் கார்ட் வராமல் இழுபட்டால், பிறப்புச் சான்றிதழில் பெயர் எழுத்துப் பிழைத்தால், வலுவிழந்தோர் உதவிப்பணம் நின்றுபோனால், வீட்டுக்காரரோடு வாடகை நியாயசபையில் வழக்கு மாதக்கணக்கில் தூங்கினால் அங்கே போகலாம். போகும்போது கடிதத்தின் பிரதியும், கோப்பு இலக்கமும், யாரோடு எந்தத் திகதியில் பேசினீர்கள் என்ற குறிப்பும் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

மனுவும் ஒரு நல்ல வழி. கையெழுத்து வாங்கிய தாள்களை உறுப்பினரிடம் கொடுத்தால், அவர் அதைச் சபையில் சமர்ப்பித்து, தன் கையெழுத்தையும் போட்டு, அருகில் நிற்கும் ஒரு பிள்ளையின் கையில் கொடுப்பார். ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்கள்தான் சபைக்குள் தாள்களைக் கொண்டு ஓடுகிறவர்கள். நம் வீட்டுப் பிள்ளைகளும் அதற்கு விண்ணப்பிக்கலாம்.

உங்கள் உறுப்பினர் எப்படி என்று அறிய விரும்பினால் சட்டசபை இணையதளத்தில் அவருடைய பக்கத்தைத் திறந்து பாருங்கள். எந்தக் குழுக்களில் இருந்தார், எப்போதிலிருந்து எப்போது வரை, என்ன சட்டமூலம் கொண்டு வந்தார் என்று எல்லாம் வரிசையாக இருக்கும். குழுவின் ஹன்சாட்டில் அவருடைய பெயரைத் தேடினால் அவர் கேட்ட கேள்விகள் வரும். சாட்சி சொன்னதைக் காதில் வாங்கிக் கேட்ட கேள்வியா, கையில் எழுதிக் கொடுத்ததை வாசித்ததா என்பது இரண்டு பக்கம் வாசித்தாலே தெரிந்துவிடும்.

சிநேகிதி அடுத்த முறைக்கும் பெயர் பதிவதாக இருக்கிறார். இடம் கிடைக்காவிட்டால் எழுத்தில் அனுப்பலாம், அதையும் குழு உறுப்பினர்கள் எல்லாருக்கும் கொடுப்பார்கள். தாயாரின் விசாவுக்காக எம்.பி. அலுவலகத்துக்குப் போய் வந்த அக்கா, தன் தந்தையார் மருத்துவமனை நடைபாதையில் கட்டிலில் கிடந்த இரண்டு இரவுகளைப் பற்றி எழுதத் தொடங்கியிருக்கிறார். நேற்று வாசித்துப் பார்த்தோம். பதினொரு நிமிடம் வருகிறது. சிவப்புப் பேனா மேசையில் இருக்கிறது.